ஔவைக்கு முந்திய சுந்தராம்பாள்

கே. பி. சுந்தராம்பாள் என்றதும் நம்மில் பெரும்பாலானோருக்கு ஒரு கிழவிதான் நினைவுக்கு வருவார். நெற்றி நிறையத் திருநீறு, வெள்ளைச் சேலை, கையில் தடி, கோபித்துக்கொண்டு மலையேறி நிற்கும் முருகனை உரிமையோடு சமாதானம் செய்யும் குரல். 1953 இல் ஜெமினியின் 'ஔவையார்', 1965 இல் 'திருவிளையாடல்', 1967 இல் 'கந்தன் கருணை' என்று அந்த வேடம் அவரோடு ஒட்டிக்கொண்டது. ஊரில் கோயில் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்டினால் முதலில் எழும் குரல்களில் ஒன்று அவருடையது. ஸ்காபரோவில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள்கூட, பாடுபவரின் பெயர் தெரியாமலேயே, அந்தக் குரலைக் கோயில் மண்டபங்களில் கேட்டிருப்பார்கள்.

'ஔவையார்' வெளியானபோது சுந்தராம்பாளுக்கு வயது 45. அதாவது, நாம் அறிந்த சுந்தராம்பாள் 45 வயதில்தான் தொடங்குகிறார். அதற்கு முன்னால் இன்னொருத்தி இருந்தாள். ரயிலில் சில்லறைக்குப் பாடிய சிறுமி, கடல் கடந்து கொழும்பில் மேடையேறிய பதினெட்டு வயதுப் பெண், காதலித்தவள், பிரிந்திருந்தவள், தன் கூலி எவ்வளவு என்பதைத் தானே வாய்திறந்து சொன்னவள். ஔவையின் வெண்ணிற முடிக்குப் பின்னால் அவள் மறைந்துபோனாள். இந்தக் கட்டுரை அவளைத் தேடுகிறது.

*

சுந்தராம்பாள் 1908 இல் காவிரிக் கரையில் உள்ள கொடுமுடியில் பிறந்தார். தாயின் பெயர் பாலாம்பாள். 'கே. பி.' என்ற முதலெழுத்துகளில் ஊரும் தாயும் இருக்கிறார்கள், தந்தை இல்லை. தந்தையைச் சிறுவயதிலேயே இழந்த குடும்பம் அது. பிள்ளைகளை வைத்துக்கொண்டு தாய் பட்ட பாடு கொஞ்சமல்ல.

அவர் மேடைக்கு வந்த விதம் பற்றி இரண்டு கதைகள் சொல்லப்படுகின்றன. ரயிலில் பாடிக் காசு வாங்கிக்கொண்டிருந்த சிறுமியின் குரலைக் கேட்டு, ரயில்வே அதிகாரியும் நாடகப் பிரியருமான எஃப். ஜி. நடேசய்யர் வழிகாட்டினார் என்பது ஒன்று. திருச்சி ரசிக ரஞ்சன சபாவை 1914 இல் தொடங்கியவர் இந்த நடேசய்யர்தான். கரூரில் இருந்த ஒரு காவல்துறை அதிகாரி இரக்கப்பட்டு வேலு நாயரின் நாடகக் கம்பெனியில் சேர்த்துவிட்டார் என்பது மற்றொன்று. இரண்டு கதைகளிலும் பொதுவாக இருப்பது வறுமையும் குரலும். அந்தப் பிள்ளையிடம் விற்பதற்கு இருந்த ஒரே பொருள் குரல்.

முதலில் கிடைத்தவை சிறுவர் வேடங்கள். 'நல்லதங்காள்' நாடகத்தில் பசியால் துடிக்கும் பிள்ளையாக நடித்துப் பெயர் வாங்கினார். பஞ்சத்தில் தாய்வீடு தேடி வந்த நல்லதங்காள், அண்ணியின் கொடுமை தாங்காமல் ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் போட்டுத் தானும் விழுந்த கதை எங்கள் ஊர்களிலும் தெரிந்த கதைதான். பார்வையாளர்கள் அழுதார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். பசி என்று பாடிய பிள்ளைக்குப் பசியைப் பற்றி யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையிருக்கவில்லை.

*

அவர் வளர்ந்த நாடக உலகத்தைப் புரிந்துகொள்ளாமல் அந்தக் குரலைப் புரிந்துகொள்ள முடியாது. சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய பிரதிகள்தான் அதன் அடித்தளம்: 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி', 'கோவலன்', 'நல்லதங்காள்'. கம்பெனி நாடகங்களுக்குப் பக்கத்திலேயே 'ஸ்பெஷல் நாடகம்' என்றொரு முறையும் இருந்தது. ஒரு கான்ட்ராக்டர் ஓர் ஊரிலிருந்து ராஜபார்ட்டையும், இன்னோர் ஊரிலிருந்து ஸ்திரீபார்ட்டையும், வேறோர் ஊரிலிருந்து பபூனையும் தனித்தனியாகப் பேசி அழைப்பார். ஒத்திகை கிடையாது. எல்லோரும் அன்றிரவு மேடையில்தான் சந்திப்பார்கள். கதை எல்லோருக்கும் தெரியும், பாடல்கள் எல்லோருக்கும் மனப்பாடம். மீதியை அந்த இடத்திலேயே வாதாடிப் பாடித் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

'வள்ளி திருமணம்' இதற்கு நல்ல உதாரணம். தினைப்புனம் காக்கும் வள்ளியிடம் வேடனாகவும் கிழவனாகவும் வரும் முருகனுக்கும் அவளுக்கும் நடக்கும் தர்க்கம்தான் நாடகத்தின் உயிர். அது எழுதி வைத்த வசனம் மட்டுமல்ல. ஒருவர் ஒரு ராகத்தில் தொடுத்தால் மற்றவர் அதே சுருதியில், அதே வேகத்தில் திருப்பிக் கொடுக்க வேண்டும். பெண்ணோடு சேர்ந்து பாடவேண்டி இருந்ததால் ஆண் நடிகர்களும் மிக உயர்ந்த சுருதியில் பாடப் பழகினார்கள். ஒலிவாங்கி இல்லை. ஆர்மோனியமும் மிருதங்கமும் கூட்டத்தின் சத்தமும் தாண்டி, கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் குந்தியிருப்பவனுக்குச் சொல் விளங்க வேண்டும். பாட்டுப் பிடித்தால் 'ஒன்ஸ்மோர்' என்பார்கள்; பிடிக்காவிட்டால் அதையும் உடனே தெரியப்படுத்துவார்கள்.

சபாக்களில் வளர்ந்த சங்கீதத்துக்கும் கொட்டகையில் வளர்ந்த சங்கீதத்துக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் தொடங்குகிறது. சுந்தராம்பாளின் மெய்யெழுத்துகள் கல்லில் வெட்டியது போல விழும். மேல் ஸ்தாயியில் நிற்கும்போதும் சொல் கரைந்துபோவதில்லை. பக்தியின் வேகம் என்று நாம் பின்னாளில் சொன்னது முதலில் கொட்டகையின் தேவையாக இருந்தது. பக்தி அதற்குள் குடிவந்தது பிறகு.

*

1926 இல் சுந்தராம்பாள் நாடகக் குழுவோடு இலங்கைக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 18.

இன்றைக்கு நாம் கலைஞர்கள் 'வெளிநாட்டுக்கு' வருவதாகச் சொல்கிறோம். அன்று அது வெளிநாடு என்ற எண்ணமே யாருக்கும் பெரிதாக இருந்திருக்காது. 1914 இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பிறகு, எழும்பூரில் 'போட் மெயில்' ஏறினால் தனுஷ்கோடி. அங்கிருந்து நீராவிக் கப்பலில் தலைமன்னார். மறுபடி ரயில், கொழும்பு. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழிக்கும் வரை அந்த வழி இருந்தது. தோட்டங்களில் லட்சக்கணக்கான தொழிலாளர்கள், செட்டியார் தெருவில் வணிகர்கள், துறைமுகத்தில் கூலிகள், அலுவலகங்களில் யாழ்ப்பாணத்துக் குமாஸ்தாக்கள் என்று கொழும்பிலும் மலைநாட்டிலும் பாட்டுக்கு ஏங்கிய கூட்டம் இருந்தது. பர்மாவிலும் மலாயாவிலும் அப்படியே. தமிழ் நாடகக் கம்பெனிகளின் வரவு செலவுக் கணக்கில் கடல் கடந்த தமிழர்கள் ஓரத்தில் இருந்தவர்கள் அல்லர்.

அந்தக் குழுக்கள் வெறுமனே வந்து காசு வாங்கிப் போகவும் இல்லை. யாழ்ப்பாணத்துத் தகரக் கொட்டகைகளில் அவர்கள் நடித்ததைப் பார்த்தும், அவர்களிடம் பழகியும்தான் நம்முடைய இசைநாடக மரபு உருவானது. காங்கேசன்துறை வி. வி. வைரமுத்துவின் 'மயான காண்டம்' நினைவிருப்பவர்கள் இன்னும் இந்த நகரில் இருக்கிறார்கள். வைரமுத்துவுக்கும் சுந்தராம்பாளுக்கும் இடையே ஒரே ஆர்மோனியக் கட்டையின் சுருதி ஓடுகிறது. ஆகவே அவருடைய கதை தமிழ்நாட்டிலிருந்து நமக்குக் கடனாக வந்த கதை அல்ல. அதன் முக்கியமான அத்தியாயம் நம் பக்கத்தில்தான் நடந்தது.

ஏனென்றால் எஸ். ஜி. கிட்டப்பாவை அவர் சந்தித்தது இலங்கையில். செங்கோட்டையைச் சேர்ந்த கிட்டப்பா, கன்னையா கம்பெனியில் புகழ்பெற்ற பாடகர்-நடிகர். சுந்தராம்பாளைவிட இரண்டு வயது மூத்தவர். அவரோடு மேடையேறி ஈடுகொடுக்க முடியாது என்று சுந்தராம்பாளைப் பலர் எச்சரித்ததாகச் சொல்வார்கள். 'வள்ளி திருமண'த்தில் இருவரும் முருகனாகவும் வள்ளியாகவும் எதிரெதிரே நின்றார்கள். கொழும்புத் தமிழர்கள் பார்த்தது இரண்டு இளம் பாடகர்கள் ஒருவரையொருவர் அளந்து பார்த்ததை. யார் வென்றார்கள் என்பது முக்கியமில்லை. அடுத்த வருடம், 1927 இல், இருவரும் மணந்துகொண்டார்கள்.

*

இந்த இடத்தில் வாசகர்களை வெகுதூரம் அழைத்துப் போக விரும்புகிறேன். முதுகலைப் படிப்புக்குப் பிறகு ஒரு மென்பொருள் வேலைக்காக டெக்சசில் சில மாதங்கள் தங்கியிருந்தபோது லிடியா மெண்டோசா என்ற பெயரை அறிந்தேன். அவரைப் பற்றிப் படிக்கப் படிக்க சுந்தராம்பாளின் நினைவு வந்துகொண்டே இருந்தது.

டெக்சஸ் 1836 வரை மெக்சிகோவின் பகுதி. அங்கே தலைமுறைகளாக வாழும் ஸ்பானிய மொழி பேசும் மக்களை 'தெஹானோ' என்பார்கள், பெண்ணென்றால் 'தெஹானா'. லிடியா 1916 இல் ஹூஸ்டனில் பிறந்தார். மெக்சிகோவின் புரட்சிக்காலக் கொந்தளிப்பில் எல்லை தாண்டிய குடும்பம். கிற்றார் சொல்லிக்கொடுத்தது தாய். 1928 இல் 'ஒக்கே' என்ற இசைத்தட்டுக் கம்பெனி சான் அன்ரோனியோவுக்குப் பாடகர்களைத் தேடி வந்தபோது குடும்பமாகப் போய்ப் பாடினார்கள். பிறகு வேலை தேடி மிச்சிகனுக்கு, பீட்ரூட் தோட்டங்கள் இருக்கும் வடக்குக்கு. பிறகு மறுபடி டெக்சஸ். சான் அன்ரோனியோவின் வைக்கோல் சந்தைச் சதுக்கத்தில் இரவுகளில் குடும்பமாகப் பாடிச் சில்லறை வாங்கினார்கள்.

1934 இல் 'புளூபேர்ட்' கம்பெனிக்காக 12 கம்பிக் கிற்றாரோடு தனியாகப் பாடிய 'மால் ஒம்ப்ரே' என்ற பாட்டு லிடியாவைப் புகழின் உச்சிக்குக் கொண்டுபோனது. 'கெட்ட மனிதன்' என்று பொருள். ஏமாற்றிய ஆணைப் பார்த்து ஒரு பெண் சொல்வதாக அமைந்த பாட்டு. அதன் சொற்களைச் சிறுமியாக இருந்தபோது ஒரு சூயிங்கம் சுற்றுத்தாளில் படித்து வைத்திருந்தாராம். பாடியபோது வயது 17. எல்லையோர மக்கள் அவரை 'எல்லையின் வானம்பாடி' என்றும் 'ஏழைகளின் பாடகி' என்றும் அழைத்தார்கள். குடும்பக் குழுவாகக் காரில் ஊர் ஊராகப் போனார்கள். கேட்டவர்கள் பெரும்பாலும் வயல்களில் கூலிவேலை செய்தவர்கள்.

இரண்டு பேருடைய வாழ்க்கையும் ஒன்றல்ல. ஆனால் அடியில் ஓடும் பொறிமுறை ஒன்று. கிராமபோன் கம்பெனிகள் பெட்டியை விற்க வேண்டுமானால் வாங்குபவனின் மொழியில் தட்டு இருக்க வேண்டும். அந்த மொழியில் பாட, மேடைக்கு அஞ்சாத, கூலிக்குப் பாடிப் பழகிய குரல் வேண்டும். கௌரவமான குடும்பத்துப் பெண்கள் வெளியே வந்து பாடத் தயங்கிய காலத்தில், தயங்க வசதியில்லாத பெண்கள் வந்தார்கள். 78 சுற்றுத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடம்தான் இடம். கொட்டகையில் கால்மணி நேரம் விரிந்த பாட்டை மூன்று நிமிடத்துக்குள் அடக்கும் வித்தையை சுந்தராம்பாள் போன்றவர்கள்தான் கற்றுக்கொண்டார்கள். ஓர் இனத்தின் குரல் என்று பின்னாளில் கொண்டாடப்பட்டது முதலில் ஒரு குடும்பத்தின் அடுப்புக்காகப் பாடப்பட்டது. அதைச் சொல்வதால் அதன் பெருமை குறையாது.

*

கொடுமுடிக்குத் திரும்புவோம். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே செங்கோட்டையில் மனைவி இருந்தார். இரண்டாம் திருமணத்தை அன்றைய சட்டம் தடுக்கவில்லை. சென்னை மாகாணத்தில் அந்தத் தடை 1949 இல்தான் வந்தது. தடுத்தது ஊர்வாய். மேடையில் ஆடும் பெண், பாடும் பெண் என்றால் அவளுக்கு மனைவி என்ற பெயர் கிடையாது, வேறு பெயர்கள்தான். தேவதாசி முறைக்கு எதிராக முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்டசபையில் குரல் எழுப்பியதும் அதே 1927 இல்தான். அந்த விவாதத்தின் நன்மைகள் பல. ஆனால் அதன் நிழல், பாடிப் பிழைத்த பெண்கள் எல்லோர்மீதும் விழுந்தது.

இருவரும் சேர்ந்து நடித்த வருடங்களில் கூட்டம் அலைமோதியது. வீட்டுக்குள் நிலைமை வேறு. பிறந்த குழந்தை தங்கவில்லை. கிட்டப்பா விலகிப் போனார். குடியும் நோயும் சேர்ந்துகொண்டன. சுந்தராம்பாள் எழுதிய கடிதங்கள் எஞ்சியிருக்கின்றன. அவற்றில் நாம் பார்ப்பது முருகனையே கேள்வி கேட்கும் ஔவையை அல்ல, பதில் வராத கடிதங்களை எழுதிக்கொண்டிருக்கும் இருபத்துச் சொச்சம் வயதுப் பெண்ணை. செங்கோட்டையில் இருந்த முதல் மனைவியின் துயரம் எழுதப்படவே இல்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

1933 டிசம்பர் 2 ஆம் தேதி கிட்டப்பா இறந்தார். 28 வயது நிரம்பவில்லை. சுந்தராம்பாளுக்கு 25. அன்றிலிருந்து அவர் வெள்ளைச் சேலை உடுத்தினார். பூவும் நகையும் இல்லை. எந்த ஆணோடும் இனி ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவுசெய்தார்.

இந்த வெள்ளைச் சேலையைப் பத்தினித்தனத்தின் அடையாளமாகவே தமிழ்ப் பத்திரிகைகள் பல தலைமுறைகளாக எழுதி வந்திருக்கின்றன. அதை வாசித்து வளரும் நம் பெண்பிள்ளைகளுக்கு அது பழைய காலத்துக் கொடுமையாகத் தெரிவதில் வியப்பில்லை. எனக்கு இரண்டு வாசிப்புகளும் போதவில்லை. கைம்பெண்ணாக இருக்க முதலில் மனைவியாக இருந்திருக்க வேண்டும். ஊர் யாருக்கு மனைவி என்ற பெயரைக் கொடுக்க மறுத்ததோ, அந்தப் பெண் வெள்ளைச் சேலை உடுத்திக்கொண்டு 47 ஆண்டுகள் எல்லோர் கண்முன்னாலும் நின்றார். அது துக்கம் மட்டுமல்ல, ஓர் உரிமைக் கோரிக்கையும்கூட. அவருடைய துக்கம் பொய்யென்று நான் சொல்லவில்லை. துக்கம் உண்மையாக இருந்ததால்தான் அந்தக் கோரிக்கையை யாராலும் மறுக்க முடியவில்லை.

*

அந்த முடிவுக்கு இன்னொரு விளைவும் இருந்தது. ஜோடி இல்லாமல் நடிப்பதானால் படத்தின் நடுவே அவர் மட்டும்தான் நிற்க முடியும்.

1935 இல் வெளிவந்த 'நந்தனார்' படத்துக்கு அசன்தாஸ் என்ற தயாரிப்பாளர் அவரை அணுகினார். நடிக்க விருப்பமில்லாத சுந்தராம்பாள், தட்டிக்கழிப்பதற்காக ஒரு லட்சம் ரூபாய் கேட்டார் என்றும், அவர்கள் ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்றும் சொல்வார்கள். தமிழ்த் திரையில் லட்சம் ரூபாய் என்ற பேச்சு எழுந்தது அவரோடுதான். தட்டிக்கழிக்கச் சொன்ன தொகையா, தெரிந்தே சொன்ன தொகையா என்பது ஒருபுறம் இருக்கட்டும். ரயிலில் அரையணாவுக்குக் கைநீட்டியவர், 27 வயதில், தன் குரலின் விலையைத் தானே குறிப்பிட்டார். வாங்க வந்தவர் கொடுத்தார். நம் சினிமாவில் பெண்களின் ஊதியம் பற்றி இன்று பேசுபவர்கள் இந்தக் கதையிலிருந்து தொடங்கலாம்.

அவர் ஏற்ற வேடமும் கவனிக்கத்தக்கது. சிதம்பரம் கோயிலுக்குள் போக அனுமதிக்கப்படாத புலைத்தொழிலாளி நந்தன், ஓர் ஆண். அவனை அடக்கும் வேதியராக நடித்தவர் கர்நாடக இசைமேதை மகாராஜபுரம் விஸ்வநாதய்யர். 1934 இல் காந்தி தீண்டாமைக்கு எதிராகத் தமிழ்நாட்டில் பயணம் செய்திருந்தார். மதுரை மீனாட்சி கோயில் திறக்க இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன. சபா மேடையின் விதானத்தில் இருந்த ஒருவரும் கொட்டகையில் வளர்ந்த ஒருத்தியும் எதிரெதிரே நின்று பாடியபோது, கதைக்குள்ளே மட்டுமல்ல வெளியேயும் வாசல்களைப் பற்றிய கேள்வி இருந்தது.

அதற்குப் பிறகு அவர் ஏற்ற வேடங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். 1940 இல் மணிமேகலை. 1953 இல் ஔவையார். 1964 இல் 'பூம்புகார்' படத்தில் கவுந்தியடிகள். 1973 இல் காரைக்கால் அம்மையார். மணிமேகலை இளவரசனின் காதலை மறுத்துத் துறவு பூண்டவள். ஔவை திருமணத்துக்குத் தப்ப விநாயகரிடம் முதுமையை வரமாகக் கேட்டவள். காரைக்காலம்மை கணவன் விலகியபின் அழகை உதறிப் பேயுருவை வேண்டிப் பெற்றவள். தமிழ் மரபு, ஆணின் பக்கத்தில் நிற்காமல் தனியாக நின்று பேசிய பெண்களுக்கு எத்தனை இடம் வைத்திருந்ததோ, ஏறக்குறைய அத்தனை இடத்திலும் அவர் போய் நின்றிருக்கிறார். கதாநாயகி என்றால் இருபது வயதும் ஒரு ஜோடியும் வேண்டும் என்றிருந்த தொழிலில், நாற்பதுக்குமேல், அறுபதுக்குமேல், தன் பெயரில் கூட்டம் சேர்த்தவர் அவர். பக்தி அவருக்கு நம்பிக்கை. அதோடு அது அவர் பாடிப் பிழைப்பதற்கான இடத்தையும் கொடுத்தது.

*

அரசியல் மேடையும் அவருக்குப் புதிதல்ல. தீரர் சத்தியமூர்த்தி, கலைஞர்களைக் காங்கிரசுக்குள் கொண்டுவந்தவர். அவர் அழைப்பில் சுந்தராம்பாள் தேர்தல் கூட்டங்களில் பாடினார். ஒலிபெருக்கி அரிதாக இருந்த கிராமங்களில், பத்தாயிரம் பேருக்குக் கேட்கும்படி பாடக்கூடிய ஒருத்தி எந்தப் பேச்சாளரையும்விடப் பெறுமதியானவர். காந்தி கொடுமுடியில் அவர் வீட்டுக்கு வந்தபோது தங்கத் தட்டில் உணவு பரிமாறியதாகவும், உணவு மட்டும்தானா, தட்டு இல்லையா என்று காந்தி கேட்டு வாங்கி ஏலம் விட்டதாகவும் ஒரு கதை புகழ்பெற்றது. 1950களில் அவர் சென்னை மாநிலச் சட்ட மேலவை உறுப்பினரானார். இந்தியாவில் சட்டமன்றத்துக்குள் நுழைந்த முதல் திரைக்கலைஞர் என்று அவரைக் குறிப்பிடுவார்கள். பின்னர் ஐந்து முதலமைச்சர்களைத் திரைத்துறையோடு தொடர்புபடுத்திப் பேசும் மாநிலத்தில், முதல் அடியை எடுத்துவைத்தவர் ஒரு கொட்டகைப் பாடகி என்பதை நாம் அடிக்கடி நினைப்பதில்லை.

விருதுகள் தாமதமாக வந்தன. 1966 இல் தமிழ் இசைச் சங்கத்தின் இசைப்பேரறிஞர் பட்டம். 'துணைவன்' படத்தில் பாடியதற்காக 1969 ஆம் ஆண்டின் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது. அப்போது வயது 61. 1970 இல் பத்மஸ்ரீ. சொந்த ஊரான கொடுமுடியில் ஒரு திரையரங்கும் கட்டினார். 1980 இல் காலமானார்.

லிடியா மெண்டோசாவுக்கும் இப்படித்தான். 1977 இல் ஜிம்மி கார்ட்டர் ஜனாதிபதியாகப் பதவியேற்ற விழாவில் பாட அழைத்தார்கள். 1982 இல் தேசிய மரபுக்கலை விருது, 1999 இல் தேசியக் கலைப் பதக்கம். 2007 இல் சான் அன்ரோனியோவில் மறைந்தார். 2013 இல் அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலை வந்தது.

*

இந்த இரண்டு பெண்களும் ஓரிடத்தில் பிரிகிறார்கள்; அதைத்தான் நம் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

கிறிஸ் ஸ்ட்ராக்விட்ஸ் என்ற ஜெர்மனியிலிருந்து குடிபெயர்ந்த மனிதர், கலிபோர்னியாவில் 'ஆர்ஹூலி' என்ற சிறிய இசைத்தட்டு நிறுவனத்தை நடத்தினார். அவருக்கு ஸ்பானிய மொழிப் பாட்டுகள் பிடித்துப்போயின. பழைய தட்டுகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். அவர் சேகரிப்பு இன்று கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தின் மூலம் எண்ணிமப்படுத்தப்பட்டு, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஒலிப்பதிவுகளாக ஆய்வாளர்களுக்குக் கிடைக்கிறது. எந்தத் தட்டு, எந்தக் கம்பெனி, எந்த வருடம், யார் வாசித்தார்கள் என்ற விபரங்களோடு. ஒரு தெஹானோ வீட்டுப் பேத்தி விரும்பினால், சந்தைச் சதுக்கத்தில் பாடிய காலத்து லிடியாவைக் கேட்கலாம். முதியவரான லிடியாவை மட்டுமல்ல.

சுந்தராம்பாளின் இளமைக்கால இசைத்தட்டுகளைத் தேடினால் இணையத்தில் கிடைக்கின்றன. தனிப்பட்ட சேகரிப்பாளர்கள் அன்போடு ஏற்றியவை. ஆனால் பல இடங்களில் வருடம் இல்லை, தட்டின் எண் இல்லை, பக்கவாத்தியக்காரரின் பெயர் இல்லை. கிட்டப்பாவின் பாட்டுக்கு ஔவையாரின் படம் போட்டிருக்கும். தரவோடு வேலை செய்பவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன்: விபரக்குறிப்பு இல்லாத ஒலிக்கோப்பு, பெயர் எழுதாத கல்லறை மாதிரி. உள்ளே யாரோ இருக்கிறார்கள் என்பது மட்டும்தான் தெரியும்.

நம்மிடம் அடித்தளம் இல்லாமல் இல்லை. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் நாடகப் பாட்டுப் புத்தகங்களையும் நோட்டீசுகளையும் காப்பாற்றி வைத்திருக்கிறது. ஈழத்து அச்சுப் பிரதிகளுக்கு நூலகம் நிறுவனம் 2005 முதல் செய்துவரும் பணி நம் சமூகத்தின் பெருமை. ஒலிக்கு அந்த அளவு கவனம் இன்னும் கிடைக்கவில்லை. இந்த நகரத்தின் நிலவறைகளில், பெரியவர்கள் கொண்டுவந்த பெட்டிகளில், பழைய தட்டுகளும் ஒலிநாடாக்களும் இருக்கின்றன. கொட்டகை நாடகப் பாட்டுகளை முழுதாகப் பாடத் தெரிந்த எண்பது வயதுக்காரர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு கைபேசியை நீட்டிப் பாடச் சொல்லி, பெயரையும் ஊரையும் தேதியையும் எழுதி வைப்பதற்குப் பெரிய நிதி எதுவும் தேவையில்லை.

நம் பிள்ளைகள் மார்க்கத்திலும் ஸ்காபரோவிலும் கர்நாடக சங்கீதம் படிக்கிறார்கள், அரங்கேற்றம் செய்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் அந்தப் பாடத்திட்டத்தில் கொட்டகைக்கு இடமில்லை. ஆகவே தமிழ்ப் பெண்ணின் குரல் என்றால் சபா மேடையில் ஜரிகைப் பட்டில் அமர்ந்திருக்கும் குரல் அல்லது சினிமாவில் முகம் காட்டாமல் பாடும் குரல் என்றே அவர்கள் அறிகிறார்கள். மூன்றாவதாக ஒன்று இருந்தது. அது நின்றுகொண்டு, எதிரே நிற்பவரோடு வாதாடிக்கொண்டு, கடைசி வரிசைக்காரனுக்குக் கேட்கும்படி பாடியது. கடல் தாண்டி வந்து பாடியது. தன் விலையைச் சொல்லிவிட்டுப் பாடியது.

ஔவையாரை நம் பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்யத்தான் வேண்டும். அதோடு, கொழும்பு மேடையில் இருபது வயதுக் கிட்டப்பாவுக்குப் பதில் பாட்டுச் சொன்ன பதினெட்டு வயது வள்ளியையும் அறிமுகம் செய்தால், அந்தக் கிழவியின் குரலுக்குள் ஏன் அத்தனை அதிகாரம் இருக்கிறது என்பது அவர்களுக்கு விளங்கும். அது முதுமையில் வந்ததல்ல.